ஒரே வாங்கில குந்த ஏலாதா?

மட்டக்களப்பு, ஆரையம்பதி, காத்தான்குடி பள்ளிக்கூட அதிபர்மாருக்கும் வலயக் கல்வி ஒபிஸ் பெரியாக்களுக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஆரையம்பதி, இப்ப தோஹாவில. மகள் ஆறாம் வகுப்பு, இன்டர்நேஷனல் ஸ்கூல். கொரியாப் பொடியன், கென்யாப் புள்ள, லெபனான், பிலிப்பைன்ஸ் எண்டு எல்லாம் கலந்துதான் வகுப்பு, அரபியும் படிக்கணும். எனக்கு முதல்ல பயம், தமிழ மறந்துருவாளோ, பிட்டு கட்டிக் குடுத்தா சிரிப்பாங்களோ எண்டு. ஒரு நாள் பிட்டும் மீன் பொரியலும் கை படாம அப்படியே திரும்பி வந்துது. மறுகா அடுத்த மாசம் ரெண்டு பங்கு வைக்கச் சொல்றாள், ஆருக்குடி எண்டு கேட்டா புதுசா வந்த புள்ள ஒண்டு "எங்கட உம்மாவும் இப்பிடித்தான் அவிப்பா" எண்டு அரைவாசியத் திண்டுட்டாவாம். காத்தான்குடிப் புள்ள!

கேட்டடியில உம்மாவக் கண்டு கதைச்சா, நாங்க ரெண்டு பேரும் ஒரே வருஷம் ஓ.எல். சோதனை எழுதின ஆக்கள். சமயப் பாடத்தத் தவிர ஒரே புத்தகம், ஒரே பேப்பர், தமிழ்லதான். அவட ஊர் எங்களுக்கு நடந்து போற தூரம், அந்த மெயின் ரோட்டுப் பேரீச்ச மரங்கள பஸ்ஸில இருந்து எத்தின தரம் பாத்திருப்பன், இறங்கினது சாமான் வாங்க மட்டும்தான். "அப்ப ஏன் ஒண்டாப் படிக்கல்ல?" எண்டு கேக்கிறாள் மகள். 1990ல நடந்த கொலையள் எண்டு சொல்லவா, 2019 ஈஸ்டர் குண்டு எண்டு சொல்லவா? அதுக்கெல்லாம் முதலே தமிழ்ப் பள்ளிக்கூடம் வேற, முஸ்லிம் பள்ளிக்கூடம் வேறதானே. நோன்பு லீவு வேற, வலயமும் வேற, ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடி எண்டு தள்ளித் தள்ளிக் கிடக்கிற முஸ்லிம் ஊர்களச் சேர்த்துத்தான் மட்டக்களப்பு மத்தி வலயம். அதுக்கும் ஒரு நியாயம் இருக்கும், நான் இல்லையெண்டு சொல்லல்ல.

தோஹா ஸ்கூல் சொர்க்கமும் இல்ல. காசு கட்ட ஏலுமான ஆக்கள்ற புள்ளையள்தான் அங்க கலக்குதுகள், லேபர் கேம்ப்ல கிடக்கிற எங்கட ஊர்ப் பொடியன்மார்ற புள்ளையள் ஊரிலதான். வருஷத்தில ஒரு நாள் சாரி கட்டி விட்டு போட்டோ எடுக்கிறதும் எனக்கு ஒள்ளமும் புடிக்கா.

பள்ளிக்கூடத்த மாத்தச் சொல்லல்ல. தவணைக்கு ஒரு நாள், ஒரு வகுப்பு, ரெண்டு பள்ளிக்கூடத்துப் புள்ளையளும் ஒரு விஞ்ஞான பாடத்த ஒண்டா இருந்து செய்யட்டும், சாப்பாட்டுப் பெட்டியோட. மேடை, மாலை, பேச்சு ஒண்டும் வேணாம்.

வாற ஜூலை ரெண்டு புள்ளையளும் ஊருக்கு வருதுகள். அப்ப உங்கட பள்ளிக்கூடம் நடக்கும். ஒரு நாள் ரெண்டையும் ஒரே வாங்கில குந்த வைக்க எந்த அதிபருக்கு ஏலும் எண்டு சொல்லுங்க, பிட்டு நான் கட்டித் தாறன்.