நாலு பேரில் எவனை வைத்துக்கொள்வீர்கள், ஐயா?

படைக்கு ஆள் எடுக்கும் திட்டத்தை வகுத்து நடத்திவரும் ஐயாமார்களுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நானும் பட்டாளத்தான்தான். 1995-ல் நீலகிரி வெலிங்டனில் பயிற்சி, 17 வருடம் மதராஸ் ரெஜிமெண்ட், 2012-ல் லான்ஸ் நாயக்காக வீடு திரும்பினேன். இப்போது என் மகன் அக்னிவீர். பயிற்சி முடித்து, சத்தியப் பிரமாணம் எடுத்து, முதல் லீவில் வந்து போயிருக்கிறான். எந்த மையம், எந்த அணி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவன் இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் உங்களிடம் இருக்க வேண்டியவன்.

2022 ஜூன் 14 அன்று நீங்கள் அறிவித்த அக்னிபத் திட்டத்தை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. நான்கு வருடம் வேலை, முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரம். மற்றவர்களுக்கு 11.71 லட்சம் ரூபாயும் ஒரு கும்பிடும். அந்தப் பணத்திலும் ஏறக்குறைய பாதி, அவன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்ததுதான். ஓய்வூதியம் கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் பிள்ளையை அனுப்பினேன், அதனால் அதைச் சொல்லிப் புலம்ப வரவில்லை. என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

மகன் தனியாக வரவில்லை, கூடவே மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் மார்த்தாண்டம், ஒருவன் பாலக்காடு, ஒருவன் ஆந்திராவில் ஸ்ரீகாகுளம். ஸ்ரீகாகுளத்தானுக்கு இது ஊருக்குப் போகிற வழியே இல்லை. இருந்தும் வந்தான். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குப் புரிந்திருக்காது. இப்போது பாதி தமிழ், பாதி இந்தி, நடுநடுவே பயிற்சி கொடுத்த உஸ்தாத் திட்டிய திட்டுகள். விடிந்து பார்த்தால் நாலு பாயும் ஒரே அளவில் மடித்து, ஓரம் பிசகாமல் சுவரோரம் அடுக்கியிருந்தது. என் மனைவி வெள்ளைப் பணியாரம் ஊற்ற ஊற்றத் தட்டு காலியானது. வரமிளகாய்ச் சட்னிக்குக் கண் கலங்காதவன் ஸ்ரீகாகுளத்தான் ஒருவன்தான்.

என் அம்மாவுக்கு எண்பது வயது. பேரனின் கூட்டாளிகளை ஒவ்வொருவராகத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, வெள்ளந்தியாகக் கேட்டார்: "ஏன்டா அப்பு, நாலு பேருல ஒருத்தனத்தான் வச்சுக்குவாகளாமே, அது யாருடா?"

மகன் சிரித்து மழுப்பப் பார்த்தான். "அதுக்கு இன்னும் நாளிருக்கு அப்பத்தா." மற்ற மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் யாரும் பணியாரம் கேட்கவில்லை.

அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அப்பா, ஸ்ரீகாகுளத்தானுக்கு ஃபயரிங் சரியா வரல. குண்டு சிதறுது. மூச்ச எந்த இடத்துல நிறுத்துறதுன்னு பிடிபடல அவனுக்கு. எனக்குத் தெரியும். சொல்லிக் குடுக்கட்டா?"

மூட்டையோடு நெடுந்தூரம் நடந்த ஒரு நாளில் என் மகனின் குதிகால் தோல் உரிந்து, பூட்ஸுக்குள் ரத்தம் கசிந்தபோது, அவன் மூட்டையையும் வாங்கித் தன் நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டு நடந்தவன் இந்த ஸ்ரீகாகுளத்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவனுக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கலாமா என்று அப்பனிடம் அனுமதி கேட்கிறான் என் மகன். அவன் மதிப்பெண் ஏறினால் தன் இடம் போய்விடுமோ என்று பயம்.

அதைவிட மோசமானது, நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு நொடி கணக்குப் போட்டேன். 17 வருடம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று எங்கள் ரெஜிமெண்டின் போர்முழக்கத்தைத் தொண்டை கிழியக் கத்தியவன், கூட்டாளிக்குக் கை கொடுப்பதற்குக் கணக்குப் போட்டேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த மடல்.

எங்கள் காலத்தில் ஒருத்தன் பிசகினால் அவன் இருக்கும் பிளட்டூனுக்கே ரகடா, அதாவது தண்டனைப் பயிற்சி. எனக்குக் கயிறு ஏற வராது. என்னால் மற்றவர்கள் முட்டியைத் தேய்க்க வேண்டியிருந்தது. வயநாட்டுக்காரன் ஒருவன் பொழுது சாய்ந்த பிறகு என்னைக் கூட்டிப்போய், கெட்ட வார்த்தையில் திட்டித் திட்டியே கயிறு ஏற்றிவிட்டான். நான் ஏறினால் அவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அவன் முட்டிக்கு லாபம். 2019-ல் என் மகள் கல்யாணத்தில் அந்த ஆளும் இன்னும் ஆறு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறினார்கள். அந்த மாதிரி ஒட்டுறவுக்குத்தானே நாங்கள் தங்கும் பேரக்கில் கட்டிலை ஒட்டிப் போடுகிறீர்கள்? ஒரு கையால் ஒட்டவைத்து, மறு கையால் ஏன் ஐயா பிய்க்கிறீர்கள்?

இளமையான படை வேண்டும், சராசரி வயது நான்கைந்து வருடம் குறைய வேண்டும் என்றீர்கள். சரி. நான் வெளியே வந்தபோது எனக்கு வயது 35. கிழவனாகவா வந்தேன்? செலவு கட்டுப்படியாகாது என்றால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சிக்கனத்தை எங்கள் செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன செட்டியார் கடைகளில் மூன்று வருடக் கணக்கு உண்டு. கணக்கு முடிந்து ஊர் வந்த கடைநிலைப் பெட்டியடிப் பையன் மறுபடி கப்பலேறி அடுத்தாளாவான், அப்புறம் மேலாளாவான். அரைக்கால் வட்டியை விடாத செட்டியார், பழக்கியெடுத்த ஆளை லேசில் விடமாட்டார். பழக்க ஆன செலவும் முதல்தான் என்று அவருக்குத் தெரியும்.

இதற்கிடையில் பங்காளி ஒருவர் ஆறுதல் சொல்கிறார். இங்கே பழைய செட்டியார் வீடுகள் ஹோட்டலாகி வருகின்றனவாம், வாசலில் மீசையை முறுக்கி சல்யூட் அடிக்க ஆள் வேண்டுமாம், பட்டாளத்தில் இருந்தவன் என்றால் வெள்ளைக்காரர்கள் ஆசையாகப் படம் எடுத்துக்கொள்வார்களாம். நல்லது. அணிவகுப்பு அன்று என் மனைவிக்குக் கொடுத்த கௌரவப் பதக்கம் சாமி மாடத்தில் இருக்கிறது, அதையும் அவன் சட்டையில் குத்தி அனுப்புகிறோம். ஒரே ஒரு தடவை எம்.பி.யாக இருந்தவருக்கு ஆயுசுக்கும் ஓய்வூதியம் கொடுக்கும் நாட்டில் இதற்கு மேல் நான் பேசினால் நாக்குத் தடித்துவிடும். மன்னிக்க வேண்டும், எங்கேயோ போய்விட்டேன்.

கேட்பது ஒன்றுதான். நான்கு வருடம் முடியும்போது விகிதம் பார்க்காதீர்கள், தகுதி பாருங்கள். தேறாதவனை அனுப்புங்கள், என் மகனே ஆனாலும் அனுப்புங்கள். ஆனால் நாலு பேரும் தேறினால் நாலு பேரையும் வையுங்கள். உங்கள் மேஜையில் அந்த 25-ஐ அடித்துவிட்டு வேறொன்று எழுத ஒரு பேனா போதும். தயவுசெய்து எழுதுங்கள்.

அந்த ராத்திரி கடைசியில் மகனிடம், "போய்ச் சொல்லிக் குடு" என்றேன். காலையில் பார்த்தால் ரெண்டு பேரும் வாசலில் குப்புறப் படுத்திருந்தார்கள். துடைப்பக் கட்டைதான் துப்பாக்கி. மகன் அவன் முதுகில் கை வைத்து, மூச்சை எங்கே நிறுத்துவது என்று எண்ணிக்கொண்டிருந்தான். நான் சொன்னது சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பழைய லான்ஸ் நாயக் ஒருவன்,
காரைக்குடி வட்டம்