முதல் வேலைக்கு அனுபவம் கேட்காதீர்கள்

கோலாலம்பூரில் மென்பொருள் விற்கும் நிறுவனங்களின் விற்பனை மேலாளர்களுக்கும் மனிதவளப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

எஸ்டிஆர், அதாவது புது வாடிக்கையாளர்களைத் தேடித் தரும் தொடக்கநிலை விற்பனை வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பின் தெரியாத நிறுவனங்களுக்குப் போன் செய்வது, மின்னஞ்சல் எழுதுவது, ஆர்வம் காட்டுபவரை மூத்த விற்பனையாளரிடம் ஒப்படைப்பது. தொழில்நுட்ப விற்பனைக்குள் நுழைய எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கும் வாசல் அதுதான். அந்த வாசலிலேயே நின்றுகொண்டு, மென்பொருள் விற்ற அனுபவம் இரண்டு ஆண்டு வேண்டும் என்கிறீர்கள். முதல் வேலையே கிடைக்காதவர் அந்த இரண்டு ஆண்டை எங்கே வேலை செய்து சேர்ப்பார்?

போன மாதம் உங்களில் ஒரு நிறுவனம், நேர்முகத் தேர்வுக்கு முன்பு வீட்டில் செய்து தரும்படி எனக்கு ஒரு சோதனை வேலை கொடுத்தது. ஷா ஆலாம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் யாருக்கு அவர்களுடைய மென்பொருள் தேவைப்படும், அங்கே வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் யார், அவருக்கு என்ன எழுதுவது, போனை எடுத்ததும் முதல் அரை நிமிடம் என்ன பேசுவது, எல்லாம் வேண்டும் என்றார்கள். நான் லோயாட் பிளாசாவில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறேன். கடை அடைத்து, மோனோரயிலும் எல்ஆர்டியும் மாறி செந்தூல் வந்து சேர்ந்து, சாப்பிட்டதும் உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டிவிடும். அப்படித்தான் அதை முடித்தேன்.

நேர்முகத்தில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. "இதற்கு முன் மென்பொருள் விற்றிருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. அப்புறம் பதிலே இல்லை. நான் தயாரித்த பட்டியல் மட்டும் அவர்களிடம் இருக்கிறது. அனுபவம் இல்லை என்பது என் சுயவிவரத்தைப் பார்த்தாலே தெரியும். தெரிந்தும் ஏன் அந்த வேலையை வாங்கினீர்கள்?

பக்கத்துக் கடையில் விலை குறைவு என்று நகரப் போகிறவரை நிறுத்தி, அவருக்கு உண்மையில் என்ன தேவை என்று மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டு விற்பதுதான் என் தினசரிப் பிழைப்பு. எனக்கும் மாத இலக்கு உண்டு. விற்பனை மென்பொருள் நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் ஹப்ஸ்பாட் அகாடமியிலும் சேல்ஸ்ஃபோர்ஸின் டிரெயில்ஹெட்டிலும் இலவசப் பாடங்களைப் படித்திருக்கிறேன். இதெல்லாம் உங்கள் கணக்கில் வருவதே இல்லை.

சீன மொழியான மாண்டரின் தெரிய வேண்டும் என்று கேட்கும் விஷயமும் மனத்தை அறுக்கிறது. சீனா, தைவான் வாடிக்கையாளர்களிடம் பேச மாண்டரின் கேட்பது நியாயம். ஆஸ்திரேலியாவுக்குப் போன் செய்யும் வேலைக்கும் ஏன் கேட்கிறீர்கள்? வேலையில் பாகுபாடு என்றால் தொழிலாளர் துறையிடம் முறையிட 2023 முதல் மலேசிய வேலைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு இடம் தரும் 69எஃப் பிரிவு தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றித்தான் பேசுகிறது. வேலை தேடுகிறவர் யாரிடம் போவது?

சரி, அதை நீங்கள் மட்டும் தீர்க்க முடியாது. உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். தயவுசெய்து முதல் வேலைக்கு அனுபவம் கேட்காதீர்கள். எங்களைச் சோதிக்க வேண்டுமானால் உங்கள் எதிரிலேயே பத்து நிமிடம் ஒரு வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் பேசச் சொல்லுங்கள். தவறைச் சொல்லி, மறுபடியும் பேசவிட்டுப் பாருங்கள். திருத்திக்கொள்கிறவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். அனுபவம் கட்டாயம்தான் என்றால், 'புதிய பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம்' என்ற வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் செய்யும் வேலை எதையாவது வாங்கியிருந்தால், முடிவை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.

நன்றி.

செந்தூலிலிருந்து ஒரு விண்ணப்பதாரர்