கையிருப்பு எவ்வளவு?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை. என் கால்தான் காரணம். போன மாதம் ஒருநாள், செருப்பு கழன்றுபோனது தெரியாமலே பத்தடி நடந்திருக்கிறேன். பின்னால் வந்த பேத்தி எடுத்துவந்து கொடுத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோது சிரிப்பு போய்விட்டது. பாதம் இரண்டும் ஐந்தாறு மாதமாகவே மதமதவென்றுதான் இருந்தது. வயசாகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் சர்க்கரையோ என்று பார்த்தார்கள். இல்லை. கடைசியில் பிடிபட்டது நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமின், தரைதட்டிக் கிடந்தது. "முட்டை, மீன், இறைச்சி விட்டு எத்தனை வருஷம்?" என்று கேட்டார் டாக்டர். ஆறு என்றேன். "நெஞ்செரிச்சல் மாத்திரை?" அது நாலு வருஷமாக. "அப்போ கணக்கு சரியாத்தான் வருது" என்றார்.

கணக்கு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கும் உனக்கும் சும்மா இருக்க முடியுமா? முப்பது வருஷம் ஸ்டோரில் உட்கார்ந்து இருப்புப் பதிவேடு எழுதியவர்கள் நாம். வீட்டுக்கு வந்ததும் உடம்புக்கு ஒரு பதிவேடு போட்டுப் பார்த்தேன். கல்லீரலில் பி12 இரண்டு மூன்று மில்லிகிராம் கிடக்கும். ஒரு நாளைய தேவை 2.4 மைக்ரோகிராம். வகுத்துப் பார், எண்ணூறு நாளுக்குக் குறையாமல் ஓடும். பித்தநீரோடு குடலுக்குப் போவதையும் உடம்பு பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வதால் இன்னும்கூட இழுக்கும். செடிகொடி எதுவும் இந்தச் சரக்கைத் தயாரிப்பதில்லை, பாக்டீரியா மட்டுமே தயாரிக்கிறது. விலங்குகள் வழியாக நமக்கு வந்து சேர்கிறது. நான் கொஞ்சம் பால் குடிப்பவன்தான். ஆனால் உணவிலுள்ள புரதத்திலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், அதைத்தான் மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தேனே. வரவு மெலிந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். பற்றாக்குறை தெரிந்தது இப்போது. இடையில் என்னை ஏமாற்றியது பழைய இருப்பு.

இனி உன் விஷயம். தானியத்தை அடியோடு விட்டுவிட்டேன், முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். வாழ்த்து சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், கணக்கு இடிக்கிறது. மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 400 கிராம், அவ்வளவுதான் இடம். கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் கூடவே தங்கும். அந்த இருப்பு தீர்ந்தால் தண்ணீரும் வெளியேறும். ஐந்நூறும் ஆயிரத்து ஐந்நூறும் சேர்த்தால் எவ்வளவு? உன் இரண்டு கிலோ! கொழுப்பு அவ்வளவு லேசில் அசையாது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். குறைந்த இடத்தில் நிறைய அடுக்கிவைக்கும் கிடங்கு அது. பத்து கிலோ கொழுப்பு வைத்திருப்பவன் வாரக்கணக்கில் பட்டினி தாங்குவது அதனால்தான். பயப்படாதே, திட்டவில்லை. போகப்போகக் கொழுப்பும் கரையும். முதல் வாரத்தை மட்டும் நம்பாதே.

புரதத்துக்குத்தான் கிடங்கே கிடையாது. எனக்கு இதில் கொஞ்சம் திகைப்பு. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ளவே முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். வராவிட்டால் தசையைப் பிரித்து எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்திலிருந்து போல்ட்டைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டுவோமே, அதே கதை. நம் வயதில் கழற்றிய தசையைத் திரும்ப மாட்டுவது கடினம். அந்த ஒன்பதில், பருப்பில் மெத்தியோனின் குறைவு, தானியத்தில் லைசின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். தானியத்தை விட்ட நீ அந்த மெத்தியோனினுக்கு வேறு வழி பார்த்துக்கொள்.

பி1 கதை உனக்கு ரொம்பப் பிடிக்கும். தயமின் என்பார்கள். இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். 1890 வாக்கில் ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், நரம்பைத் தாக்கிக் காலைத் தள்ளாடவைக்கும் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். சோதனைக்கு வைத்திருந்த கோழிகளுக்குக் கால் தள்ளாடியது. பிறகு திடீரென்று தானாகவே குணமாகிவிட்டது. விசாரித்தால், கொஞ்ச நாளாக மருத்துவமனைச் சமையலறையிலிருந்து தீட்டிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போயிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர், 'ராணுவ அரிசியைச் சிவில் கோழிகளுக்குக் கொடுக்க முடியாது' என்று நிறுத்திவிட்டார். தவிடு நீக்காத அரிசி கிடைத்ததும் கோழிகள் எழுந்து நடந்தன. சரக்கைக் கொடுக்க மறுத்த ஒரு ஆளால் மருத்துவத்துக்கு வழி திறந்தது! நம் காலத்தில் இன்டென்ட் என்ற கோரிக்கைச் சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்று நாம் நின்றதற்கு என்ன கிடைத்தது, மெமோதான். அரிசியின் மாவுச்சத்தில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றுதான் எய்க்மான் முதலில் நினைத்தார். தவிட்டோடு போய்விடும் ஒரு பொருள் இல்லாததே நோய் என்று அவருக்குப் பின் வந்த க்ரைன்ஸ் 1901-இல் சொன்னார். எய்க்மானுக்கு 1929-இல் நோபல் கிடைத்தது.

வைட்டமின் சி ஒன்றிரண்டு மாதம் தாங்கும். பெரும்பாலான விலங்குகள் அதைத் தாங்களே செய்துகொள்கின்றன. நமக்கும் குரங்குகளுக்கும் கினிப் பன்றிக்கும் அந்த வித்தை போய்விட்டது.

இரும்பில் உடம்பு கருமி. சிவப்பணு 120 நாள் வாழ்ந்து சாகும், அதிலிருக்கும் இரும்பு மறுபடி உபயோகத்துக்கு வரும். ஒரு நாளில் இப்படித் திரும்பி வருவது 20 மில்லிகிராமுக்கு மேல், வெளியே போவது சுமார் ஒன்று. அதனால்தான் ஆண்களுக்கு இரும்பு குறைந்தால், எங்கே ரத்தம் கசிகிறது என்று டாக்டர்கள் தேடுகிறார்கள்.

சுண்ணாம்புச் சத்து வேறு ரகம். 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் கிடக்கிறது. ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலும் எலும்பிலிருந்து எடுத்துச் சரிசெய்துவிடும். ஆகையால் ரத்தச் சோதனைத் தாளில் கால்சியம் ஒழுங்காகவே இருக்கும்; கிடங்கு காலியாவது விழுந்து எலும்பு முறிகிற அன்றைக்குத்தான் தெரியும். உன் வீட்டில் அண்ணிக்கு முழங்கை முறிந்தது என்று எழுதியிருந்தாயே, எலும்பின் அடர்த்தியையும் வைட்டமின் டியையும் பார்க்கச் சொல். தள்ளிப்போடாதீர்கள்.

சத்து மாத்திரை மூன்று வகை விழுங்குகிறேன் என்கிறாய். அட்டையைத் திருப்பி, எத்தனையில் வைட்டமின் ஏ இருக்கிறது என்று பார். சி-யும் பி வகையில் பெரும்பாலானவையும் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். ஏ கல்லீரலில் தேங்கும், அளவு மீறினால் கல்லீரலுக்கே கேடு. அதிக இருப்பும் ஆடிட்டில் மாட்டும், மறந்துவிட்டாயா?

எனக்கு முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட்டார்கள், இனி மாதம் ஒன்று. நெஞ்செரிச்சல் மாத்திரையை டாக்டரே மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். காலையில் ஒரு முட்டை சாப்பிடுகிறேன். பேத்திக்கு அதில் ஏக வெற்றிப் பெருமிதம். வலது பாதம் தேறிவிட்டது, தரையின் குளிர்ச்சி தெரிகிறது. இடது கட்டைவிரல் மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது.

அண்ணியின் கை எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய ஸ்டோர் கூட்டாளி