ஆல்பேட்டையைத் தாண்டாத ஜபலா: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜிஎஸ்டி கவுன்சில் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு என்பதும், வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு செல்லாது என்ற ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆம் பிரிவும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. அந்தப் பிரிவு கடலூரில் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் வீட்டின் முன்னறையில் ஒரு மிஷினை வைத்துக்கொண்டு கைக்குழந்தைகளுக்கு ஜபலாவும் தொட்டில் துணியும் தைக்கிறேன். வாட்ஸ்அப்பில்தான் வியாபாரம். 40 லட்சத்தின் நிழல்கூட என்மேல் படாது. நாகர்கோவிலில் இருந்து ஆர்டர் வந்தால் தைரியமாகப் பார்சல் போடலாம். ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டி முள்ளோடைக்குப் போட முடியாது. டவுன் பஸ் போகிற தூரம்தான், ஆனால் அது புதுச்சேரி, ஜிஎஸ்டி கணக்கில் வேறு மாநிலம். முதல் ஜபலாவுக்கே ஜிஎஸ்டி எண் வேண்டும். இந்தப் பகுதியில் இரண்டு மாநிலமும் ஊருக்கு ஊர் மாறி மாறி வரும். பின்கோடைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, 605 என்று தொடங்குவது இரண்டு பக்கமும் உண்டு. குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் ஊர் எந்த மாநிலம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, பதிவு செய்துவிடலாம் என்றுதான் இறங்கினேன். வாடகை வீடு. வீட்டு ஓனரின் கையெழுத்து, அவருடைய கரண்ட் பில் அல்லது வீட்டு வரி ரசீது, ஒப்பந்தம் பதிவாகாதது என்றால் அவருடைய அடையாளச் சான்று. ஓனர் நல்ல மனிதர், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறவர். பேப்பரை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ‘தொழில் நடக்கும் இடம்’ என்ற வரியில் விரலை வைத்தார். "ஏம்மா, இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஈபிக்காரன் வந்து கமர்ஷியல் மீட்டர் மாத்துன்னு நிப்பான். அப்புறம் வீட்டு வரியும் ஏறும். நீ தைச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லல. கையெழுத்து மட்டும் கேக்காத" என்றார். இதோடு விதி 18-இன்படி ஜிஎஸ்டி எண்ணை வாசல் பெயர்ப்பலகையில் எழுதி மாட்ட வேண்டும் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் வீட்டையே காலி செய்யச் சொல்லியிருப்பார்.

தேவையில்லாத ஆவணங்களைக் கேட்டு அலைக்கழிக்க வேண்டாம் என்று 2025 ஏப்ரலில் அதிகாரிகளுக்கு அறிவுரை போனது. அதற்கு நன்றி. ஆனால் என் விஷயத்தில் மறுத்தது அதிகாரி இல்லையே.

அப்படியே எண் கிடைத்தாலும் அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் போர்ட்டலில் தேடிப் பார்க்கலாம். பகலில் தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டு முகவரி அது. விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய். வரி கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 5 சதவீதம்தானே, கட்டிவிடலாம். அதைக் கணக்குக் காட்ட ஆடிட்டருக்குக் கொடுப்பது வரியைவிட அதிகம். சிறு வியாபாரிகளுக்கென்று எளிமையாக வைத்த காம்போசிஷன் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். அதில் சேர்ந்தவர் வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்கக் கூடாது என்று எழுதியிருப்பதும் நீங்கள்தான்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. சொந்த மாநிலத்தில் விற்பவருக்கு உள்ள வரம்பை வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பும் சிறு வியாபாரிக்கும் கொடுங்கள்.

முடியாத காரியம் இல்லை. சேவை தருகிறவர்களுக்கு 2017 அக்டோபரிலேயே கொடுத்துவிட்டீர்கள். வீட்டிலிருந்து லோகோ வரைந்து டெல்லிக்கு அனுப்புகிறவருக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. பட்டியலில் உள்ள கைவினைப் பொருளுக்கும் விலக்கு உண்டு. மிஷினில் தைத்த சாதாரண ஜபலா மட்டும் என்ன பாவம் செய்தது? 2023 அக்டோபர் முதல் பதிவு இல்லாதவர்களும் ஆன்லைன் தளங்களில் விற்கலாம் என்றீர்கள், அதையும் ஒரே மாநிலத்துக்குள் என்று முடித்துவிட்டீர்கள். ‘ஒரே நாடு, ஒரே வரி, ஒரே சந்தை’ என்று விளம்பரம் வந்தபோது நாங்களும் கை தட்டினோம். இன்று எங்கள் ஊரிலிருந்து அந்த எல்லையைச் சிரமமில்லாமல் தாண்டிப் போய் வருகிறவர்கள் யார் என்று கடலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் அங்கே வாங்கும் மது பாட்டில் உங்கள் வரிக்குள்ளேயே வராது.

கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அமைச்சரும் புதுச்சேரியின் பிரதிநிதியும் ஒரே மேசையில் அமரும் இடம் உங்கள் கவுன்சில். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். 40 லட்சம் அதிகம் என்று பட்டால், சேவைக்குக் கொடுத்த அதே 20 லட்சத்தையாவது பொருளுக்கும் கொடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடலூரில் வீட்டிலிருந்து தைத்து விற்கும் ஒருத்தி