மதர்போர்டைக் கழற்றும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அதனால் பழைய பெட்டியையும் திரையையும் வைத்துக்கொண்டு மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றை மட்டும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சிம் லிம் சதுக்கத்துக் கடைகளுக்கு அது பழகிய வேலை. வீட்டுக்கு வந்து கணினியைப் போட்டால் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று சாம்பல் நிற எழுத்து. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். பெட்டியைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை விட்டுப்போயிருக்கும். அதைக் கடை கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

விண்டோஸின் டிஜிட்டல் உரிமம், கணினியின் பாகங்களை வைத்து எடுத்த ஓர் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும். ரேம் கூட்டினாலும், எஸ்எஸ்டி மாற்றினாலும் வழக்கமாக ஒன்றும் ஆகாது. மதர்போர்டு மாறினால், சர்வரைப் பொறுத்தவரை அது வேறு கணினி.

ஆகவே பழைய போர்டு ஓடும்போதே செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய் (விண்டோஸ் 10இல் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி'க்குள் இருக்கும்) மைக்ரோசாஃப்ட் கணக்கைச் சேர்க்க வேண்டும். உரிமம் உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று அங்கே ஒரு வரி வந்தால்தான் வேலை முடிந்தது. 'ஆக்டிவேட்டட்' என்று மட்டும் இருந்தால் போதாது. கையோடு கணினிக்கு அடையாளம் தெரிகிற பெயராக வைத்துவிடுங்கள். 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி ஏழு எழுத்து எண்கள் ஒட்டிய பெயர் நாலைந்து பட்டியலில் வந்து நின்றால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து, உரிமத்தின் வகை. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எஸ்எல்எம்ஜிஆர்' என்று தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் 'டிஎல்ஐ' என்று தட்டினால் ஒரு சிறு சாளரம் திறக்கும். 'ஓஇஎம்' என்றால் கணினியோடு வந்த உரிமம். அது முதல் போர்டோடு முடிந்துவிடும், புதிய போர்டுக்கு மாற்ற நிபந்தனையில் இடமில்லை. 'வால்யூம்' என்றால் பள்ளி அல்லது அலுவலகத்துக்குரியது, வீட்டுக்கு ஆகாது. 'ரீடெய்ல்' என்றால் தனியாக வாங்கிய உரிமம், மாற்றலாம், ஆனால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விண்டோஸ் 7இலிருந்து இலவசமாக மேம்படுத்திய கணினியும் 'ரீடெய்ல்' என்றே காட்டும். விண்டோஸ் உரிமச் சாவியின் கடைசி ஐந்து எழுத்து ஹோம் பதிப்பில் 8எச்விஎக்ஸ்7 என்றோ, புரோ பதிப்பில் 3வி66டி என்றோ இருந்தால் அது எல்லோருக்கும் பொதுவான சாவி, எதையும் நிரூபிக்காது. வாங்கிய ரசீதைத் தேடுங்கள். பழைய விண்டோஸ் 7 சாவியைத் தட்டிப் பார்க்கும் வழியையும் மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது.

உரிமத்தைவிட எனக்குக் கவலை தருவது பிட்லாக்கர், அதாவது வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. வட்டு பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போது சில கணினிகளில் அது தானாகவே இயங்கிவிடும். பூட்டின் சாவி டிபிஎம்மில் இருக்கிறது, டிபிஎம் பழைய போர்டோடு போகிறது. புதிய போர்டில் நீலத்திரை எழும்பி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உரிமம் போனால் புதிது வாங்கலாம். அந்த எண் இல்லையென்றால் பிள்ளைகளின் படங்கள் போயே போய்விட்டன, எந்தக் கடையாலும் திறக்க முடியாது. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' பக்கத்தில் இந்தப் பூட்டை முன்கூட்டியே அணைத்து, வட்டு முழுதும் விடுபடும்வரை காத்திருங்கள். எண்ணைத் தாளில் அச்சிட்டும் வையுங்கள். அதே வட்டில் கோப்பாகச் சேமிப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போல.

போர்டு மாற்றிய பிறகு முதலில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அது தப்பாக இருந்தால் சர்வர் தொடர்பே கிடைக்காது. புதிய போர்டின் இணையச் சில்லுக்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) விண்டோஸில் இல்லாமலும் போகலாம். யுஎஸ்பியில் எடுத்துவைப்பது நல்லது. இணையம் வந்ததும் நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் 'டிரபிள்ஷூட்' அழுத்தி, அண்மையில் வன்பொருள் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணக்கில் நுழைந்தால் கணினிப் பட்டியல் வரும். பழைய பெயரைத் தொட்டு, இப்போது பயன்படுத்துவது இதுதான் என்ற கட்டத்தில் குறியிட்டு 'ஆக்டிவேட்' அழுத்துங்கள். பெயர் பட்டியலில் இல்லையா? வேறு கணக்கில் இணைத்திருப்பீர்கள், அல்லது புரோ உரிமத்துக்கு ஹோம் நிறுவியிருப்பீர்கள், அல்லது உரிமம் ஓஇஎம் வகையாக இருக்கும்.

பிழை எண் எஃப்211 என்று முடிந்தால் வன்பொருள் மாற்றத்தைக் குறிக்கிறது. மேற்சொன்ன வழி உதவும். சி003 என்று முடிந்தால் சாவியே தடுக்கப்பட்டுவிட்டது. இணையத்தில் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கூவி விற்கும் சாவிகளை வாங்கினால் இந்த எண்ணைப் பார்க்க நேரலாம். அந்த நேரத்தில் தேடுபொறியில் கிடைக்கும் உதவித் தொலைபேசி எண்களை நம்பி யாருக்கும் கணினியைத் திறந்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.

உத்தரவாதக் காலத்தில் தயாரிப்பாளரே மடிக்கணினியின் போர்டை மாற்றிக் கொடுத்தால் இந்தத் தலைவலி பொதுவாக இல்லை, உரிமம் தொடரும்.

பழுதுபார்க்கும் கடைகள் வேலைச் சீட்டில் மூன்று கேள்விகளை அச்சிட்டு வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்கலாமே: உரிமம் என்ன வகை? கணக்கோடு இணைத்தாயிற்றா? மீட்பு எண் கையில் இருக்கிறதா? மூன்றாவதற்கு 'தெரியாது' என்று பதில் வந்தால் அன்றைக்குத் திருப்புளியைத் தொடக்கூடாது.

கணினிப் பழுதுநீக்குநர்,
உட்லண்ட்ஸ்