திண்டிவனம்–நகரி ரயில் பாதை: ரயில்வேக்கும் தமிழ்நாடு அரசுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கும், தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரக்கோணம், ஆரணி, விழுப்புரம் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திண்டிவனத்தில் தொடங்கி வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா ரோடு, சோளிங்கர், பள்ளிப்பட்டு வழியாக ஆந்திரத்தின் நகரியில் சென்று சேர வேண்டிய புதிய அகல ரயில் பாதைக்கு 2006–07 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அப்போது எங்கள் அரக்கோணம் தொகுதியின் உறுப்பினராக இருந்த ஆர். வேலு அவர்களே ரயில்வே இணை அமைச்சராகவும் இருந்ததால், வட ஆற்காட்டின் கிழக்குப் பகுதி மக்கள் இந்தப் பாதையைத் தங்கள் சொந்தப் பாதையாகவே எண்ணி வரவேற்றார்கள். அதன்பிறகு பல நாடாளுமன்றத் தேர்தல்கள் வந்து போய்விட்டன. ஒவ்வொன்றிலும் இந்தப் பாதை வாக்குறுதியாக இடம்பெற்றது. ஆனால் ஆற்காட்டிலோ ஆரணியிலோ செய்யாற்றிலோ ஒருவர் ரயில் ஏற வேண்டுமென்றால் இன்றும் முதலில் பேருந்து ஏறி வேறோர் ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

இந்த மடலில் நான் முன்வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். சுமார் 185 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் திட்டத்தை ஒரே பெரிய வேலையாகப் பாவித்து, அதற்கு ஆண்டுதோறும் ஏதோ ஒரு தொகையை எழுதி வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, வாலாஜா ரோட்டிலிருந்து ஆரணி வரையிலான பகுதியை முதலில் எடுத்து, அதற்குரிய முழு நிதியையும் நிலத்தையும் உறுதி செய்து, ரயில் ஓடும் நாளையும் அறிவியுங்கள். மற்ற பகுதிகளுக்கும் அதே முறையில் நாள் குறியுங்கள்.

இந்தப் பாதை ஏன் தாமதமானது என்று கேட்டால், இருபது ஆண்டுகளாக எங்களுக்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. மாநிலம் நிலத்தைக் கையகப்படுத்தித் தரவில்லை என்கிறது ரயில்வே. ரயில்வே உரிய நேரத்தில் பணம் தருவதில்லை என்கிறது மாநிலம். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதே என் கருத்து. தமிழ்நாட்டின் ரயில் திட்டங்களுக்குத் தேவையான மொத்த நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே கிடைத்திருக்கிறது என்று ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் தந்த பதில்களில் குறிப்பிட்டிருக்கிறார். இதே திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்ல வேண்டிய 71 கிலோமீட்டர் பாதைக்கு 273 ஹெக்டேர் தேவைப்பட, 33 ஹெக்டேர் மட்டுமே கையகப்படுத்தப்பட்டிருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழகத்தின் பல புதிய பாதைகளுக்குப் பல பட்ஜெட்டுகளில் ஆயிரம் ரூபாய் என்ற பெயரளவு ஒதுக்கீடு மட்டுமே இருந்ததும், ஒவ்வொரு திட்டத்துக்குமான ஒதுக்கீட்டைப் பட்டியலிடும் அதே ரயில்வேயின் பிங்க் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் உண்மை. ஒரு திட்டத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடாமல் காப்பதற்காக எழுதப்படும் அந்த ஆயிரம் ரூபாயைக் கொண்டு எந்த வருவாய் அலுவலர் எந்த விவசாயிக்கு இழப்பீடு கொடுத்திருக்க முடியும்?

அதனால் ஏற்பட்ட இழப்பு காலம் மட்டுமன்று. ஒப்புதல் கிடைத்தபோது சுமார் 580 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு, பின்னர் 3,600 கோடியைத் தாண்டிவிட்டது. இந்த உயர்வில் இரும்பும் சிமென்ட்டும் கூலியும் ஏறியதற்கு ஒரு பங்கு உண்டு. நிலத்தின் விலைக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில்வே சட்டத்தின்படி நிலம் எடுக்கும் அறிவிக்கை வெளியாகும் நாளின் சந்தை மதிப்பே இழப்பீட்டுக்கு அடிப்படையாகிறது. கையகப்படுத்தும் பிரகடனம் வெளியானபின் ஓராண்டுக்குள் இழப்பீட்டுத் தீர்வம், அதாவது இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்யும் ஆணை, பிறப்பிக்கப்பட வேண்டும். தவறினால் நடவடிக்கையே காலாவதியாகிவிடும், மீண்டும் முதலிலிருந்து புதிய விலையில் தொடங்க வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டைகளும் நான்குவழிச் சாலையும் சேர்ந்து ராணிப்பேட்டை, செய்யாறு பகுதிகளின் மனை விலையை எப்படி உயர்த்தின என்பதைப் பத்திரப் பதிவு அலுவலகங்களின் வழிகாட்டி மதிப்புப் பதிவேடுகளே சொல்லும். 2006-இல் எடுத்திருக்க வேண்டிய நிலத்தை இன்றைய விலையில் வாங்குவதற்கான செலவு, அன்று பணம் ஒதுக்காமல் மிச்சப்படுத்திய தொகையைவிடப் பன்மடங்கு அதிகம்.

இங்கே நில உடைமையாளர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். தண்டவாளம் எந்தப் புல எண் வழியே போகும் என்று அளவுக்கல் நட்டபிறகு, அந்த நிலத்தை வாங்க யாரும் முன்வருவதில்லை. புதிதாகக் கிணறு வெட்டவோ ஆழ்துளை போடவோ உரிமையாளருக்கு மனம் வருவதில்லை. வங்கியும் அடமானத்துக்குத் தயங்குகிறது. நிலம் அவர் பெயரிலேயே பட்டாவில் இருக்கிறது, ஆனால் அதை வைத்து அவர் எதையும் செய்ய முடியாது. மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ ஒரு காணி நிலத்தை விற்க நினைத்த குடும்பங்கள் இந்தப் பாதை நெடுகிலும் இருக்கின்றன. நிலம் தர மறுக்கும் விவசாயிகளால்தான் திட்டம் நிற்கிறது என்று பேசுவோர், பணம் வரும் நாளே தெரியாமல் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கச் சொல்வது எவ்வளவு பெரிய சுமை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாநில அரசுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பாதை விழுப்புரம், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருவள்ளூர் என நான்கு மாவட்டங்களைக் கடக்கிறது. ஒப்புதல் கிடைத்தபோது ஆற்காடு, வாலாஜா வட்டங்கள் வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது அவை ராணிப்பேட்டை மாவட்டத்துக்குச் சென்றன. அலுவலகங்கள் மாறும்போதும் அலுவலர்கள் மாறும்போதும் உட்பிரிவு, கூட்டுப் பட்டா, வாரிசுத் தகராறு போன்ற சிக்கல்கள் உள்ள கோப்புகள்தான் முதலில் பின்தங்கிப் போகின்றன. ஆகவே நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே மாவட்ட வருவாய் அலுவலரின் கீழ், இந்தப் பாதையைத் தவிர வேறு பணி ஒப்படைக்கப்படாத தனி வட்டாட்சியர்களையும் நில அளவர்களையும் நியமியுங்கள். அவர்கள் வேலை முடியும்வரை இடமாற்றம் செய்யப்படக் கூடாது. ஓய்வுபெற்ற நில அளவர்களை ஒப்பந்த அடிப்படையில் சேர்த்துக்கொள்வதும் பயன் தரும்.

வாலாஜா ரோடு–ஆரணிப் பகுதியை முதலில் ஏன் கேட்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. புதிய பாதை ஒன்று ஏற்கெனவே ரயில் ஓடும் பாதையோடு ஒரு முனையில் இணைந்திருந்தால்தான் கட்டி முடித்த மறுநாளே பயன்படும். வாலாஜா ரோடு, சென்னை–காட்பாடி–ஜோலார்பேட்டை முதன்மைப் பாதையில் இருக்கிறது. அங்கிருந்து ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆரணி வரை தண்டவாளம் வந்துவிட்டால், காட்பாடிக்கும் சென்னைக்கும் அன்றைக்கே மெமு எனப்படும் குறுந்தொலைவு மின்சார ரயில்களை நீட்டிக்கலாம். சென்னைக் கடற்கரை–வேலூர் கன்டோன்மென்ட் மெமு ரயில் 2024 மே மாதத்தில் திருவண்ணாமலைவரை நீட்டிக்கப்பட்டபோது, புதிய வண்டியோ புதிய பணிமனையோ இல்லாமலே அந்தச் சேவை சாத்தியமானது. ஆரணிக்கும் அது சாத்தியம். பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஆரணிக்கு, ‘ஆரணி ரோடு’ என்ற பெயரில் களம்பூரில் ஒரு நிலையம் மட்டுமே இருக்கிறது. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவிகள் ஆலையும் தோல் பதனிடும் ஆலைகளும் சிப்காட்டும் இருக்கின்றன. அவற்றின் சரக்கு பெரும்பாலும் லாரிகளில்தான் போகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் செய்யாறு, வந்தவாசிப் பக்கங்களிலிருந்து நோயாளிகளை அழைத்து வருவோர் எத்தனை பேருந்து மாறுகிறார்கள் என்பதை ஆற்காடு பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தாலே தெரியும்.

இந்தப் பகுதியில் கடினமான வேலை பாலாற்றுப் பாலம். ஆற்காடு தென்கரையிலும் ராணிப்பேட்டை வடகரையிலும் இருப்பதால் ஆற்றைக் கடக்காமல் இரண்டையும் இணைக்க முடியாது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறு, 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதை நாங்கள் பார்த்தோம். அதே ஆண்டு டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பாதிப்பு கண்டறியப்பட்டதால் சென்னை–காட்பாடி இடையே பல ரயில்கள் ரத்தானதும் நினைவிருக்கும். எனவே பாலத்தின் அடித்தளம் அந்த வெள்ள அளவையும், ஆற்றில் மணல் குறைந்து படுகை தாழ்ந்திருப்பதையும் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட வேண்டும். இத்தகைய பாலத்துக்குப் பல வறண்ட பருவங்கள் தேவைப்படும். நில வேலையெல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காமல், அரசுக்கே உரிய ஆற்றுப் புறம்போக்கில் அமையும் இந்தப் பாலத்துக்கான ஒப்பந்தத்தை முதலில் விடலாம்.

இந்தியாவின் தென்பகுதியில் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் இதே வாலாஜா ரோடுதான். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் வேலை 1853-இல் தொடங்கி மூன்று ஆண்டுகளில் முடிந்தது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் நிலம் இழந்தவரின் குரலுக்கு இருந்த மதிப்பும் இன்றைய சட்டம் தரும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதால், அந்த வேகத்தை அப்படியே எதிர்பார்ப்பது நியாயமில்லை. உரிய இழப்பீட்டைக் கொடுத்து, எடுத்துக்கொண்ட பகுதியையாவது முடிக்கும் வேகத்தைத்தான் கேட்கிறோம்.

இடையில் எங்கள் பகுதிக்கு வேறு அறிவிப்புகளும் வந்திருக்கின்றன. சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் இடையே 140 கிலோமீட்டருக்கு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் மித அதிவேக ரயில் இயக்குவது குறித்துச் சாத்தியக்கூறு ஆய்வு நடத்தப்படும் என்று 2025–26 மாநில பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அதை வரவேற்கிறேன். எனினும் 118.9 கிலோமீட்டர் நீளமும் 63,246 கோடி ரூபாய் மதிப்பும் உடைய சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டும், ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் கிடைத்தது. கோவை, மதுரை மெட்ரோ திட்டங்கள் 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோலைக் காட்டி 2025-இல் திருப்பி அனுப்பப்பட்டன. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஐந்து லட்சத்தையும் எட்டாத, சுற்றுப்புறம் சேர்ந்த வேலூர் நகரப் பகுதிக்கு மெட்ரோவோ லைட் மெட்ரோவோ எப்போது வரும் என்று பேசுவதில் பயனில்லை. ஒப்புதலும் மதிப்பீடும் தடமும் ஏற்கெனவே உள்ள சாதாரண அகலப் பாதைதான் எங்கள் ஊர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ரயில். ஆய்வு நிலையில் இருக்கும் புதிய திட்டத்தின் பெயரால் இந்தப் பழைய திட்டத்தின் நிதி குறைந்துவிடக் கூடாது.

மூன்று தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்தப் பாதையின் தமிழ்நாட்டுப் பகுதி பெரும்பாலும் உங்கள் மூவரின் தொகுதிகளுக்குள் அடங்குகிறது. அவையில் தனித்தனியே கேள்வி எழுப்பினால், இவ்வளவு ஒதுக்கப்பட்டது, இவ்வளவு செலவானது என்ற பொதுப் பதிலே வருகிறது. மூவரும் சேர்ந்து, பகுதிவாரியாக, வட்டம் வட்டமாக எவ்வளவு ஹெக்டேர் தேவை, எவ்வளவுக்குத் தீர்வம் ஆகியிருக்கிறது, எவ்வளவு பணம் மாவட்ட நிர்வாகத்திடம் செலுத்தப்பட்டிருக்கிறது, அதில் உரிமையாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று கேளுங்கள். நான்கு மாவட்ட ஆட்சியர்களையும் ரயில்வே கட்டுமானப் பிரிவின் தலைமைப் பொறியாளரையும் ஒரே மேசையில் அமர்த்தி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட்டம் நடத்துங்கள். அதன் நடவடிக்கைக் குறிப்பை வெளியிடுங்கள்.

அந்த விவரங்களும் வாலாஜா ரோடு–ஆரணிப் பகுதிக்கான கால அட்டவணையும் தமிழில் அச்சாகி, பாதை செல்லும் ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும் என்றும், வரும் ஒன்றிய பட்ஜெட்டுக்கு முன் அவை வெளியாக வேண்டும் என்றும் உங்கள் அனைவரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆற்காட்டில் வாழும் ஒரு குடிமகன்