பாவமன்னிப்பும் என்ற சொல்லோடு நீங்கள் நிறுத்திய ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

தம்பி இறந்து இந்த ஐப்பசியோடு 20 ஆண்டுகள் நிறைவடைகின்றன. அவனைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. இக்கடிதத்தை நம் சேகரத்துச் சபையார் சிலரும் வாசிப்பார்கள் என்பதை அறிந்தே எழுதுகிறேன். அன்று நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜெபம் குறைந்த வீடு என்று அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது உள்ளே எனக்குக் கேட்டது என்பதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். வேதாகமத்தில், பிள்ளைகளை இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள்கூட முதல் ஏழு நாளும் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம் திண்ணையில் அந்தப் பொறுமை ஏழு நிமிடம் நீடிக்கவில்லை.

நான் எழுத வந்தது அடக்கத்துக்குப் பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. நம் குருவானவர் ஐயர் அன்று வேறொரு சபையில் திருவிருந்து நடத்தப் போயிருந்தார். உபதேசியாரான நீங்கள் வேறு யாரையாவது ஆராதனை நடத்தச் சொல்லியிருக்கலாம். ஒருவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் முதல் மணியையும் இரண்டாம் மணியையும் வழக்கம்போல நீங்களே அடித்தீர்கள். பாயில் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குள் எழுந்தது உங்கள்மேல் வெறுப்புதான். மகனைவிட மணிக்கயிறு பெரிதாகிவிட்டதா என்று நினைத்தேன். அம்மா தூக்கிவிட்டதால் மட்டுமே எழுந்து வந்தேன்.

பாவ அறிக்கை, சங்கீதம், வேதபாடம் எல்லாவற்றையும் குரல் நடுங்காமல் வாசித்தீர்கள். நம் விசுவாசத்தை எல்லோரும் சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்து நின்றோம். "பரிசுத்த பொதுவான சபையும், பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும், பாவமன்னிப்பும்" என்பதுவரை வந்தீர்கள். அடுத்து வரவேண்டிய "சரீரம் உயிர்த்தெழுதலும்" வரவில்லை. உங்கள் குரலைப் பிடித்துக்கொண்டே சொல்லிப் பழகிய சபையாரும் உங்களோடு நின்றுவிட்டார்கள். ஆண்கள் பக்கம் யாரோ ஒரு குழந்தையின் கையிலிருந்து காணிக்கைக் காசு விழுந்து, பீடத்தின் படிவரை உருண்டுபோன சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அது உங்களுக்கு மறக்கக்கூடிய வரியும் அன்று. உங்கள் வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பக்கத்தில், தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்ற கருப்பட்டிப் பாட்டி, எழுத்து ஒன்றும் அறியாத அந்தப் பாட்டி, யாரையோ அதட்டுகிறதுபோல உரக்கச் சொன்னார்: "சரீரம் உயிர்த்தெழுதலும்." பெண்கள் பக்கம் முழுவதும் பாட்டியோடு சேர்ந்துகொண்டு, "நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று முடித்தது. நீங்கள் ஆமென் மட்டும் சொன்னீர்கள். பிறகு ஜெபத்துக்கு முழங்கால்படியிடச் சொன்னீர்கள், ஒன்றுமே நடவாததுபோல.

அப்பா, அதை நான் என்ன செய்தேன் என்பதற்காகவே முதலில் மன்னிப்புக் கேட்கவேண்டும். சென்னையில் விடுதியில் இருந்த ஆண்டுகளில், நான் ஏன் ஆலயத்துக்குப் போவதில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். உபதேசியாருக்கே நம்பிக்கை இல்லை, பிறகு எனக்கு எதற்கு என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். பாட்டியை அந்தக் கதையில் சேர்த்துக்கொள்ளவில்லை; சேர்த்திருந்தால் சிரிக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வாழ்வின் மிகக் கடினமான அரை நிமிடத்தை, முகம் தெரியாதவர்கள் நடுவே என் வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்தினேன். தவறுதான். ஆனால் அந்த அரை நிமிடத்தைப் பற்றி நீங்கள் என்னோடு ஒருமுறையேனும் பேசியிருந்தால் அதை வேறிடத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கமாட்டேன் என்பதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் பேசவில்லை. மாறாக, மறு ஆண்டு கன்வென்ஷன் கூட்டத்தில் மேடை ஏறி, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று சாட்சி சொன்னீர்கள். பந்தல் முழுவதும் அல்லேலூயா என்றது. என்னால் ஜெபிக்க முடியவில்லை என்று நான் கடிதம் எழுதியபோது, விசுவாசம் இன்னதென்று சொல்லும் எபிரெயர் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினீர்கள். அதற்குக் கீழே, இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்கக் கால்டுவெல் ஐயருக்கு 33 ஆண்டுகள் ஆயின, பொறுத்திரு என்று ஒரு வரி. கால்டுவெல் ஐயரிடம் வரைபடமாவது இருந்தது, அப்பா. நான் உங்களிடம் கேட்டது வசனம் அன்று. எனக்கும் வாய் அடைத்துப்போயிற்று, மகளே என்ற ஒரு வரி போதுமாயிருந்தது. சபைக்கு முன் நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க முடியாது என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன். மகளுக்கு எழுதும் அட்டையிலுமா?

இத்தனைக்கும் பிறகு நான் முழுவதுமாக விட்டுவிடவில்லை. யோபுவை மட்டும் விடாமல் வாசித்துவந்தேன். நீங்கள் மேடையில் சொன்ன வசனம் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. 13ஆம் அதிகாரத்துக்கு வரும்போது அதே மனிதர், "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன், ஆனாலும் என் வழிகளை அவருக்கு முன்பாக ரூபகாரம்பண்ணுவேன்" என்கிறார். வசன நாட்காட்டிக்காரர்கள் முற்பாதியை அச்சிட்டுவிட்டு, தேவனுக்கு முன்பாகவே நின்று தன் நியாயத்தை நாட்டுவேன் என்கிற பிற்பாதியை விட்டுவிடுகிறார்கள். நான் பிற்பாதியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வழக்காட ஒருவர் எதிரே இருக்கிறார் என்று நம்பினால்தானே வழக்காட முடியும் என்று சில நாட்கள் தோன்றும். சில நாட்கள் சுவரோடு பேசுகிறேன் என்றும் தோன்றும். இரண்டாவது வகை நாட்களே அதிகம்.

திருச்சபைத் தலைவர்களின் நிசேயா சங்கம் கூடி 1700 ஆண்டுகள் ஆகின்றன என்று 2025இல் எங்கும் பேசினார்கள். அதைப் பற்றி வாசித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. 325ஆம் ஆண்டில் அங்கே கூடிய அத்தியட்சர்கள், அதாவது பேராயர்கள், கிரேக்கத்தில் எழுதிய பிரமாணம் "விசுவாசிக்கிறோம்" என்று பன்மையில் தொடங்குகிறது. ஆராதனையில் சொல்லும்போதுதான் அது பின்னர் "விசுவாசிக்கிறேன்" ஆயிற்று. நீங்கள் பாதியில் நிறுத்தியது அப்போஸ்தலரின் பிரமாணம், அது வேறு என்பது எனக்குத் தெரியும், தொடங்கியதிலிருந்தே ஒருமைதான். ஆனாலும் அன்று நம் ஆலயத்தில் நடந்தது பன்மை. இன்னொன்றும் கவனித்தேன். லத்தீனில் "கிரேடோ", அதாவது விசுவாசிக்கிறேன் என்பது, முதற் சொல்லாகவே வந்துவிடுகிறது. நம் தமிழிலோ அந்தக் கடைசி வாக்கியத்தில் அது கடைசிச் சொல். நீங்கள் நின்ற இடத்தில் நின்றால் சபை, ஐக்கியம், பாவமன்னிப்பு என்ற பெயர்கள் மட்டுமே இருக்கின்றன, வினைச்சொல் இல்லை. அந்த வினைச்சொல்லை உங்களுக்காகப் பாட்டி சொன்னார். இதை நான் 20 ஆண்டுகள் உங்கள் அவிசுவாசத்தின் கதையாகவே வைத்திருந்தேன்.

பாட்டியின் அடக்கத்துக்கும் நான் வரவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்று உங்களிடம் சொன்னது பொய்.

வரும் சனிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் புறப்படுகிறேன். தங்கையிடம் இப்போது சொல்லவேண்டாம். அவள் ஐயரிடம் சொல்வாள், அவர் என்னை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொல்வார். பெண்கள் பக்கம் அந்தத் தூணருகே உட்காருவேன். திருவிருந்துக்கு எழுந்து வருவேனா என்பதை இப்போது வாக்குக் கொடுக்க இயலாது. பிரமாணத்தை எதுவரை வருகிறதோ அதுவரை சொல்வேன். உங்களுக்கு இப்போது காது மந்தம் என்றாள் தங்கை. ஆகவே உரக்கவே சொல்கிறேன்.

உங்கள் மூத்த மகள்